சளிக்காய்ச்சல் யாரைப் படுக்கையில் தள்ளும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பலதுறை மருந்தகத்தில் தாதியாக இருந்த காலத்திலும் சரி, இப்போது புளோக்குக் கீழே மூத்தோர் நிலையத்தில் உதவிக்குப் போகும்போதும் சரி, இருமல் சத்தம் கூடினால் என்னைத் தேடி வரும் கேள்விகள் மாறுவதே இல்லை. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதிப் பதிலைக் கீழே கொடுத்திருக்கிறேன். முதலிலிருந்து படித்தால் நல்லது, பின்னால் வரும் பதில்களில் முன்னால் சொன்னதைத் திரும்பச் சொல்லவில்லை. உங்கள் உடம்பையும் மருந்துகளையும் அறிந்த மருத்துவர் இதற்கு மாறாகச் சொன்னால் அவர் சொல்வதையே கேளுங்கள்.

"கொவிட், ஃபுளூ, சாதாரண சளி எல்லாம் ஒண்ணுதானே? எதுக்குத் தனித்தனியா பேரு வச்சுப் பயமுறுத்துறீங்க?"

ஒன்றல்ல. ஒவ்வொன்றுக்கும் கிருமி வேறு. ஆனால் மூக்கொழுகல், தொண்டைவலி, இருமல், காய்ச்சல் என்று எல்லாமே ஒரே முகத்தோடு வருவதால், அறிகுறியை மட்டும் வைத்து எது எதுவென்று மருத்துவராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. இந்தப் பக்கத்தில் நான் பேசுவது முக்கியமாக மூன்றைப் பற்றி: ஃபுளூ, கொவிட்-19, குழந்தைகளையும் முதியவர்களையும் அதிகம் தாக்கும் ஆர்எஸ்வி என்ற சுவாசக் கிருமி.

"கடுமையான நோய்" என்று எதைச் சொல்கிறோம் என்பதும் தெளிவாக இருக்கட்டும். மூன்று நாள் உடம்பு முறித்துப்போட்டது போல வலித்து, காய்ச்சல் 39 டிகிரியைத் தொட்டு, பிறகு எழுந்துவிட்டால் அது கடுமையான நோய் இல்லை, பட்டவருக்கு எவ்வளவு கொடுமையாக இருந்தாலும். பிராணவாயு தேவைப்படுவது, வார்டில் சேர்ப்பது, தீவிர சிகிச்சைப் பிரிவு, உயிரிழப்பு, இவைதான் கடுமை. கிருமியைப் பொறுத்தும் இது மாறும். 2003ல் சார்ஸ் வந்தபோது சிங்கப்பூரில் 238 பேருக்குத் தொற்றி 33 பேர் இறந்தார்கள். இப்போது ஆண்டு முழுக்க நம்மிடையே சுற்றும் கிருமிகள் அத்தனை கொடியவை அல்ல. இவற்றில் யாரைத் தொற்றுகிறது என்பதுதான் பெரும்பாலும் விளைவைத் தீர்மானிக்கிறது.

"சரி, யாருக்கு ஆபத்து? சுருக்கமா சொல்லுங்க."

65 வயதைத் தாண்டியவர்கள், குறிப்பாக 75க்கு மேற்பட்டவர்கள். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகள், அதிலும் ஆறு மாதம்கூட ஆகாத கைக்குழந்தைகள். கர்ப்பிணிகள். நீரிழிவு, இதயநோய், பக்கவாதம், சிறுநீரகக் கோளாறு, நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ளவர்கள். எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து சாப்பிடுபவர்கள். உடல் பருமன் மிக அதிகமாக உள்ளவர்கள். தாதிமை இல்லங்களில் இருப்பவர்கள்.

இந்தப் பட்டியலில் உங்கள் பெயர் இருந்தால் பயந்து வீட்டுக்குள்ளே அடைந்துகிடக்க வேண்டும் என்று அர்த்தமில்லை. மற்றவர்கள் நாலு நாள் பார்த்துவிட்டு மருத்துவரிடம் போகலாம். நீங்கள் முதல் நாளே போக வேண்டும். அவ்வளவுதான் வித்தியாசம், ஆனால் அந்த நாலு நாள் வித்தியாசம் பெரியது. ஏன் என்பதை மருந்து பற்றிய பதிலில் சொல்கிறேன்.

"எனக்கு 68 வயசு. சுகர் இல்ல, பிபி இல்ல, தினமும் பூங்காவுல நடக்கிறேன். நானும் இந்தப் பட்டியல்லயா மிஸ்ஸி?"

ஆமாம். இதைச் சொன்னால் நிறையப் பேருக்குக் கோபம் வருகிறது, ஆனால் கொவிட்டைப் பொறுத்தவரை மற்ற எல்லாக் காரணங்களையும்விட வயதுதான் பெரிய காரணம். தடுப்பூசி வருவதற்கு முன்பு பல நாடுகளின் தகவல்களைச் சேர்த்துப் போட்ட கணக்கு ஒன்று இருக்கிறது: தொற்றியவர்களில் இறந்தோர் 55 வயதில் ஏறத்தாழ 0.4%, 65 வயதில் 1.4%, 75 வயதில் 4.6%. பத்துப் பத்து வயதாக ஏறும்போது மூன்று மடங்குக்கு மேல் கூடுகிறது பாருங்கள். தடுப்பூசியும் முந்தைய தொற்றும் சேர்ந்து இந்த எண்களை இன்று வெகுவாகக் குறைத்துவிட்டன. ஆனாலும் வயது ஏற ஏற ஆபத்து ஏறும் அந்த வரிசை மாறவில்லை.

காரணம் உடம்பின் காவல் முறை. வயதாக ஆக, புதிய கிருமியை அடையாளம் கண்டு திருப்பி அடிக்கும் வேகம் குறைகிறது. அதே சமயம் வீக்கத்தை உண்டாக்கும் பகுதி அடங்க வேண்டிய நேரத்தில் அடங்காமல் நுரையீரலையே காயப்படுத்துகிறது. இருமிச் சளியை வெளியே தள்ளும் தசைபலமும் குறைகிறது. தினமும் நடப்பது இதையெல்லாம் ஓரளவு தள்ளிப்போடும், நோயிலிருந்து மீளவும் நன்றாக உதவும். ஆகவே நடையை விடாதீர்கள். ஆனால் நடக்கிறேன், அதனால் ஊசி வேண்டாம் என்று சொல்லாதீர்கள்.

ஆண்களுக்கு ஒரு கூடுதல் தகவல்: ஒரே வயதுள்ள ஆணையும் பெண்ணையும் ஒப்பிட்டால் கொவிட்டில் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களில் ஆண்களே அதிகம்.

"நான் விடுதியில இருக்கேன். ரூம்ல அத்தனை பேர். அப்ப எங்களுக்குத்தானே ஆபத்து அதிகம்?"

இரண்டு வேறு விஷயங்களைக் குழப்பிக்கொள்கிறோம். தொற்றும் ஆபத்து வேறு, தொற்றிய பிறகு கடுமையாகும் ஆபத்து வேறு. நெருக்கமாகத் தங்குவது முதலாவதைக் கூட்டும். 2020ல் அதைக் கண்கூடாகப் பார்த்தோம். அந்த ஆண்டு டிசம்பரில் வெளிவந்த கணக்குப்படி விடுதிகளில் இருந்த வெளிநாட்டு ஊழியர்களில் 47% பேருக்குத் தொற்று ஏற்பட்டிருந்தது. கிட்டத்தட்டப் பாதிப் பேர்! ஆனால் அவர்களில் இறந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். பெரும்பாலோர் இளைஞர்கள், உடல் உழைப்பு உள்ளவர்கள், வேலை அனுமதிக்கு மருத்துவப் பரிசோதனை முடித்து வந்தவர்கள். வயது என்ன செய்யும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேறு தேவையில்லை.

ஆனால் விடுதியிலும் நாற்பத்தைந்து, ஐம்பது வயதில் சுகரோடு வேலை பார்க்கும் அண்ணன்மார் இருக்கிறார்கள், பலருக்குத் தங்களுக்குச் சுகர் இருப்பதே தெரியாது. உங்கள் அறையில் அப்படி ஒருவர் இருந்தால், உங்களுக்கு இருமல் வரும்போது முகக்கவசம் போடுவது அவருக்காகத்தான்.

"சுகர் இருக்கு. ஆனா கண்ட்ரோல்ல வச்சிருக்கேன். அப்பவும் ஆபத்தா?"

ஆபத்து குறைகிறது, இல்லாமல் போவதில்லை. ரத்தத்தில் சர்க்கரை அதிகமாக இருந்தால் கிருமியைத் தின்னும் வெள்ளணுக்கள் மந்தமாகிவிடும். பல வருடச் சுகர் சிறுநீரகத்தையும் இதயத்தையும் ரத்தக்குழாய்களையும் தொட்டிருக்கும். அதனால் எச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) 7க்குக் கீழே இருப்பவரும் 10ல் இருப்பவரும் ஒன்றல்ல. இருவருமே ஊசி போட வேண்டியவர்கள், 10ல் இருப்பவர் அதற்கு மேலும் கவனமாக இருக்க வேண்டியவர்.

இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை. காய்ச்சல் வந்தால் சாப்பிடாமல் இருந்தாலும் சர்க்கரை ஏறும். அதனால் வழக்கத்தைவிட அடிக்கடி குத்திப் பாருங்கள். இன்சுலின் போடுபவர்கள் அதை நீங்களாக நிறுத்தாதீர்கள். அதே நேரம் வாந்தி, வயிற்றுப்போக்கு என்று எதுவும் இறங்காத நாளில் மெட்ஃபார்மின், எம்பாக்ளிஃப்ளோசின் போன்ற மாத்திரைகளைத் தற்காலிகமாக நிறுத்தச் சொல்வார்கள். எதை நிறுத்தலாம், எதைக் கூடாது என்பதை உடம்பு நன்றாக இருக்கும்போதே, அடுத்த பரிசோதனையில் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். 39 டிகிரி காய்ச்சலில் படுத்துக்கொண்டு மருந்தகத்துக்குப் போன் போட்டுக் காத்திருக்க யாராலும் முடியாது.

"பிபி மாத்திரை கொவிட்டை மோசமாக்கும்னு ஃபார்வர்ட் வந்துச்சே. காய்ச்சல் வந்தா நிறுத்திடலாமா?"

வேண்டாம். 2020ன் தொடக்கத்தில் அப்படி ஒரு சந்தேகம் உண்மையாகவே இருந்தது. கொவிட் கிருமி உயிரணுவுக்குள் நுழையப் பயன்படுத்தும் ஏசிஇ2 என்ற வாயிலுக்கும் சில பிபி மாத்திரைகளுக்கும் தொடர்பு இருப்பதால் வந்த சந்தேகம் அது. பிறகு நடந்த ஆய்வுகளில், மாத்திரையைத் தொடர்ந்தவர்களுக்குக் கெடுதல் எதுவும் வரவில்லை என்று தெரிந்துவிட்டது. ஃபார்வர்டு மட்டும் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. கடுமையான வயிற்றுப்போக்கில் உடம்பு வற்றிப்போனால் மட்டும் பிபி மாத்திரை, நீர் மாத்திரை பற்றி மருத்துவரைக் கேளுங்கள்.

உண்மையில் கவலைப்பட வேண்டியது இதயம். ஃபுளூ உறுதியான முதல் ஏழு நாளில் மாரடைப்பு வரும் வாய்ப்பு ஏறக்குறைய ஆறு மடங்கு கூடுவதாகக் கனடாவில் நடந்த ஆய்வு 2018ல் காட்டியது. ஏற்கெனவே அடைப்பு, ஸ்டென்ட், இதயச் செயலிழப்பு உள்ளவர்கள் காய்ச்சலோடு நெஞ்சு இறுக்கம் வந்தால் "இருமி இருமி வலிக்குது" என்று தைலம் தேய்த்துக்கொண்டு உட்காரக் கூடாது.

"கொஞ்சம் பூசினாப்புல இருக்கேன், அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

2009ல் எச்1என்1 ஃபுளூ பரவியபோதுதான் இது பளிச்சென்று தெரிந்தது. தீவிர சிகிச்சையில் இருந்த இளவயதினரில் பருமனானவர்கள் அதிகம். கொவிட்டிலும் அதேதான். வயிற்றுக் கொழுப்பு, மூச்சை இழுக்கும் உதரவிதானத்தை மேலே தள்ளி நுரையீரல் விரிய இடமில்லாமல் செய்கிறது. கொழுப்புத் திசுவே வீக்கத்தைத் தூண்டும் பொருள்களையும் சுரக்கிறது.

ஆசியர்களுக்கு அளவுகோல் கொஞ்சம் கடுமை. சிங்கப்பூரில் பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு, 23லிருந்து எச்சரிக்கை தொடங்கும், 27.5 என்றால் அதிக ஆபத்து. "கொஞ்சம் பூசினாப்புல" என்று சொல்பவர்களில் பாதிப்பேர் அந்த 27.5ஐத் தாண்டியிருப்பார்கள் என்பது என் அனுபவம். கோபித்துக்கொள்ள வேண்டாம்.

"பையனுக்கு ஆஸ்துமா. ஸ்கூலுக்கு அனுப்பவே பயமா இருக்கு."

அனுப்புங்கள். நன்றாகக் கட்டுக்குள் உள்ள லேசான ஆஸ்துமா கொவிட்டில் ஆபத்தைப் பெரிதாகக் கூட்டுவதில்லை. ஃபுளூவும் சாதாரணச் சளிக் கிருமிகளும்தான் இழுப்பைத் தூண்டுவதில் மோசம், அதனால் ஆண்டுதோறும் ஃபுளூ ஊசி அவனுக்கு அவசியம். பார்க்க வேண்டியவை இரண்டு: கடந்த ஒரு வருடத்தில் இழுப்புக்காக மருத்துவமனையில் படுத்தானா, ஸ்டீராய்டு மாத்திரையோ மருந்தோ சாப்பிட வேண்டி வந்ததா. இரண்டில் ஒன்றுக்கு ஆமாம் என்றால் அவன் ஆபத்துப் பட்டியலில் இருக்கிறான்.

தினமும் உறிஞ்ச வேண்டிய தடுப்பு இன்ஹேலரை "இப்ப நல்லாதானே இருக்கான்" என்று நிறுத்திவிட்டு, இழுப்பு வந்தால் உடனடி நிவாரணம் தரும் நீல நிற இன்ஹேலரை மட்டும் நம்புவதுதான் நம் வீடுகளில் நடக்கும் தவறு. புகைமூட்டக் காலத்தில் இது இரட்டிப்பு ஆபத்து. 2013 ஜூனில் காற்றுமாசுக் குறியீடான பிஎஸ்ஐ 401ஐத் தொட்ட வாரத்தில் இங்கே இருந்தவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை.

"சிகரெட்டை விட்டுட்டு வேப்புக்கு மாறிட்டேன். பரவாயில்லதானே?"

பரவாயில்லை இல்லை. மூச்சுக்குழாயில் சளியையும் கிருமியையும் மேலே தள்ளும் மெல்லிய மயிரிழைகளைப் புகை முடக்கிவிடும். வேப் ஆவியும் நுரையீரலைப் புண்ணாக்குகிறது. தவிர, சிங்கப்பூரில் 2018 முதல் அதைக் கையில் வைத்திருப்பதே குற்றம். பல வருடம் புகைத்து விட்டவர்கள், படியேறினால் மூச்சு வாங்குகிறது என்றால், ஒருமுறை நுரையீரல் ஊதுசோதனை செய்து பாருங்கள். நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் இருந்தால் உங்கள் கணக்கே வேறு.

"மருமக முழுகாம இருக்கா. இந்த நேரத்துல ஊசியெல்லாம் போடலாமா? எங்க காலத்துல போட்டதில்லையே."

போடலாம், போடவும் வேண்டும். கருப்பை பெரிதாகும்போது நுரையீரலுக்கு இடம் குறைகிறது, இதயத்துக்கு வேலை கூடுகிறது, எதிர்ப்புச் சக்தியும் மாறி வேலை செய்கிறது. அதனால் ஃபுளூவும் கொவிட்டும் கர்ப்பிணிகளைக் கூடுதலாகத் தாக்குகின்றன, குறைமாதப் பிரசவத்துக்கும் வழி செய்யலாம். ஃபுளூ ஊசியைக் கர்ப்பத்தின் எந்த மாதத்திலும் போடலாம். அத்தை, இதில் உங்கள் பேரப்பிள்ளைக்கும் லாபம் இருக்கிறது: தாயின் உடம்பில் உண்டாகும் எதிர்ப்பணுக்கள் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போகும். பிறந்து ஆறு மாதம் ஆகும்வரை குழந்தைக்கு ஃபுளூ ஊசி போட முடியாது. அதுவரை அம்மா கொடுத்ததுதான் அதற்குப் பாதுகாப்பு.

காய்ச்சல் வந்தால் பனடோல் கொடுக்கலாம். இபுபுரூஃபன் வகை மாத்திரைகளைத் தானாக வாங்கிக் கொடுக்காதீர்கள்.

"குழந்தைக்கு ரெண்டு மாசம். லேசா உடம்பு சுடுது. பாட்டி கை வைத்தியம் பண்ணிப் பாக்கலாம்னு சொல்றாங்க."

மூன்று மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு 38 டிகிரி அல்லது அதற்கு மேல் இருந்தால் கை வைத்தியம் கிடையாது. நேராகச் சிறார் அவசரப் பிரிவுக்குப் போங்கள், இரவு இரண்டு மணியானாலும்.

ஆர்எஸ்வி ஆரோக்கியமான இளவயதினருக்குப் பெரும்பாலும் வெறும் சளி. ஆனால் கைக்குழந்தையின் மூச்சுக்குழாய் மிகக் குறுகல், கொஞ்சம் வீங்கிச் சளி அடைத்தாலே காற்று போகாது. குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்கும் பிறவி இதயக்கோளாறு உள்ள குழந்தைகளுக்கும் ஆபத்து இன்னும் அதிகம். விலா எலும்புக்கு இடையில் சதை உள்ளே இழுப்பது, மூக்கு விடைப்பது, மூச்சோடு முனகுவது, வழக்கமாகக் குடிப்பதில் பாதிகூடப் பால் குடிக்காதது, நனையாத நாப்பி, இவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்க வேண்டாம். பிள்ளைகளுக்கு ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது.

பெயர் சூட்டும் நாளில் வரிசையாகக் கொஞ்சி முத்தம் கொடுக்கும் சொந்தங்களிடம் "சளி இருந்தா தூரமா நின்னு பாருங்க" என்று சொல்லப் பெற்றோர் தயங்குவார்கள். தாத்தா பாட்டி சொல்லட்டும், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஆறு மாதம் முதல் ஐந்து வயது நிறையும்வரை ஃபுளூ ஊசி தேசிய அட்டவணையிலேயே இருக்கிறது. முதல்முறை போடும் பிள்ளைக்கு நான்கு வார இடைவெளியில் இரண்டு ஊசி.

"முடக்குவாதத்துக்கு மாத்திரை சாப்பிடுறேன். அது எதிர்ப்புச் சக்தியக் குறைக்கும்னாங்க. நிறுத்திடவா?"

திடீரென நிறுத்துவது ஆபத்து, குறிப்பாக ஸ்டீராய்டை. பிரெட்னிசோலோன் நாளுக்கு 20 மில்லிகிராமோ அதற்கு மேலோ இரண்டு வாரத்துக்கு மேல் எடுப்பவர்கள், உறுப்பு மாற்று செய்தவர்கள், கீமோ நடப்பவர்கள், டயாலிசிஸ் செய்பவர்கள், இவர்கள் எல்லாரும் ஒரே குழு. இவர்களுக்கு ஊசியும் முழுப் பலன் தராமல் போகலாம். அதனால் வீட்டில் உள்ளவர்கள், இல்லப் பணிப்பெண்ணையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், எல்லாரும் போட்டுக்கொள்வது நல்லது.

இவர்களுக்கு நோய் முற்றினாலும் காய்ச்சல் தெரியாமல் இருக்கலாம். கீமோ நடக்கும்போது 38 டிகிரி வந்தால் அது உடனே மருத்துவமனை போக வேண்டிய அவசரம்.

"நம்ம இந்தியர்களுக்கு மத்தவங்களவிட அதிகமா வருமா? ரத்தத்துலயே இருக்குன்னு சொல்றாங்க."

இதற்கு நேரான பதில் இல்லை. பிரிட்டனில் தெற்காசியர்கள் கொவிட்டில் அதிகம் இறந்தார்கள். நெருக்கமான வீடு, மக்களோடு பழகும் வேலை, நீரிழிவு ஆகியவை பெரிய பங்கு வகித்தன. 2021ல் ஆக்ஸ்ஃபோர்ட் ஆய்வாளர்கள் ஒரு மரபணு மாற்றத்தையும் சுட்டினார்கள்: நுரையீரல் தன்னைக் காத்துக்கொள்ளும் விதத்தைப் பாதிக்கும் அந்த வடிவம் தெற்காசிய வம்சாவளியினரில் ஏறத்தாழ 60% பேரிடமும் ஐரோப்பிய வம்சாவளியினரில் 15% பேரிடமும் இருக்கிறது. ஆக, ரத்தத்தில் கொஞ்சம் இருக்கத்தான் செய்கிறது. அதைச் சோதிக்கவும் தேவையில்லை, மாற்றவும் முடியாது. அது இருப்பவர்களுக்கும் தடுப்பூசி பலன் தரும்.

மாற்றக்கூடியது வேறு இருக்கிறது. சிங்கப்பூரில் 2010ல் நடந்த தேசியச் சுகாதார ஆய்வில் இந்தியர்களில் 17.2%, மலாய்க்காரர்களில் 16.6%, சீனர்களில் 9.7% பேருக்கு நீரிழிவு இருந்தது. மரபணுவைப் பற்றிப் பேசும் நேரத்தில் இதைப் பேசலாம் என்பது என் கருத்து.

"இங்கதான் குளிர்காலமே இல்லையே. ஃபுளூ ஊசிய எப்ப போடுறது? வருஷா வருஷம் எதுக்கு?"

குளிர்காலம் இல்லாததால்தான் இங்கே ஃபுளூ ஆண்டு முழுக்க இருக்கிறது. ஆண்டின் நடுவிலும் ஆண்டிறுதியை ஒட்டியும் இரண்டு முறை தலைதூக்கும். டிசம்பர் விடுமுறையில் ஊருக்குப் போகிறவர்கள் கிளம்ப இரண்டு வாரம் முன்பாவது போட்டுவிடுங்கள், எதிர்ப்பணுக்கள் உருவாக அவ்வளவு நாள் ஆகும். கிருமி உருமாறிக்கொண்டே இருப்பதாலும் ஊசியின் பலன் சில மாதங்களில் குறைவதாலும்தான் வருடாவருடம்.

65 வயதைத் தாண்டியவர்கள், நாள்பட்ட நோயுள்ளவர்கள், கர்ப்பிணிகள் ஆகியோருக்கு இது தேசியப் பெரியோர் தடுப்பூசி அட்டவணையில் உண்டு. குடும்ப மருத்துவரிடம் பதிந்துகொள்ளும் அரசுத் திட்டமான ஹெல்தியர் எஸ்ஜியில் சேர்ந்த குடிமக்களுக்கு அவர்கள் பதிந்த மருந்தகத்திலேயே இலவசம். நிமோகாக்கல் ஊசி வேறு, அது ஃபுளூவுக்குப் பின்னால் வரும் நிமோனியாவுக்கு. 60 வயதைத் தாண்டியவர்களுக்குக் கொவிட் ஊசியும் ஆண்டுக்கு ஒருமுறை பரிந்துரைக்கப்படுகிறது. ஆர்எஸ்வி ஊசி தேவையா என்பதை உங்கள் மருத்துவரோடு பேசி முடிவெடுங்கள்.

"நாங்க சுத்த சைவம். ஊசியில முட்டை இருக்காமே?"

பெரும்பாலான ஃபுளூ ஊசிகளின் கிருமி கோழிமுட்டையில்தான் வளர்க்கப்படுகிறது, தடயமாக முட்டைப்புரதம் மிஞ்சலாம். முட்டை ஒவ்வாமை உள்ளவர்களும் இப்போது போட்டுக்கொள்ளலாம் என்பதே மருத்துவ நிலைப்பாடு. முட்டை இல்லாமல் தயாரிக்கும் வகைகளும் உலகில் இருக்கின்றன, இங்கே கிடைக்குமா என்று மருந்தகத்தில் கேட்டுப் பாருங்கள். மற்றபடி அது உங்கள் மனசாட்சி, நான் தலையிடவில்லை.

"ஊசி போட்டும் எனக்கு ஃபுளூ வந்துச்சே. அப்ப எதுக்குப் போடணும்?"

குடை பிடித்தாலும் கால் நனையும். ஊசி கிருமியோடு நன்றாகப் பொருந்தும் ஆண்டுகளில், ஃபுளூவால் மருத்துவரிடம் போக வேண்டி வருவது 40 முதல் 60% வரை குறைகிறது. தொற்றினாலும் தீவிர சிகிச்சை வரை போகாமல் தடுப்பதுதான் ஊசியின் பெரிய பலன். நடக்காமல் போன ஒன்றை யாரும் கண்ணால் பார்ப்பதில்லை, அதனால் அதற்கு நன்றி சொல்வதும் இல்லை.

"கசாயம், நிலவேம்பு, ஆவி பிடிக்கிறது, இதெல்லாம் போதாதா?"

இஞ்சியும் மிளகும் தட்டிப்போட்ட கசாயம் தொண்டைக்கு இதம், நானும் குடிப்பேன். ஆனால் இந்தப் பக்கத்தில் சொன்ன ஆபத்து எதையும் அது குறைக்கும் என்பதற்குச் சான்றில்லை. சுகர் மாத்திரையோடு நிலவேம்பு குடிப்பவர்கள் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள், சர்க்கரை கூடுதலாக இறங்கக்கூடும். ஆவி பிடிக்கும்போது கொதிநீர் கவிழ்ந்து வெந்துபோகும் பிள்ளைகள் உண்டு. பிள்ளைகளுக்கு அது வேண்டவே வேண்டாம்.

"ஆபத்துப் பட்டியல்ல இருந்தா முதல் நாளே போகணும்னீங்களே, ஏன்? எப்படியும் வைரசுக்கு மருந்து இல்லதானே?"

இருக்கிறது. ஃபுளூவுக்கு ஒசெல்டாமிவிர், டாமிஃபுளூ என்ற பெயரில் தெரியும். அறிகுறி தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால் பலன் அதிகம். கொவிட்டுக்குப் பாக்ஸ்லோவிட், ஐந்து நாளுக்குள் தொடங்க வேண்டும். இரண்டும் கிருமி பெருகுவதைத் தடுப்பவை, பெருகி முடிந்த பிறகு கொடுத்துப் பெரிய பிரயோசனம் இல்லை. "ரெண்டு நாள் பாப்போம்" என்பது 30 வயதுக்காரருக்குச் சரி. 72 வயது சுகர்காரருக்கு அந்த இரண்டு நாள்தான் மருந்துக்கான நேரமே.

பாக்ஸ்லோவிட் பல மருந்துகளோடு மோதும். சிம்வாஸ்டாட்டின் என்ற கொலஸ்ட்ரால் மாத்திரை, சில ரத்தம் உறையாமைக்கான மருந்துகள், மாற்று உறுப்புக்கான மருந்துகள் எல்லாம் அதில் அடக்கம். மருந்துப் பட்டியலைப் படமெடுத்துக் கைப்பேசியில் வைத்துக்கொள்ளுங்கள். ஆன்டிபயாடிக் இந்தக் கிருமிகள் எதையும் கொல்லாது.

"2021ல வீட்டுக்கு வீடு குடுத்தாங்களே, அந்த விரல் மெஷின். அதுல 96 காட்டுது. அப்ப பயமில்லதானே?"

தெமாசெக் அறநிறுவனம் கொடுத்த ஆக்சிமீட்டரைத்தான் சொல்கிறீர்கள். முதலில் பேட்டரியை மாற்றுங்கள். 95ம் அதற்கு மேலும் சரி. 93, 94 என்றால் சிறிது ஓய்வெடுத்து மறுபடி பார்த்துவிட்டு, மாறவில்லை என்றால் அன்றே மருத்துவரிடம் பேசுங்கள். 92 அல்லது அதற்குக் கீழே என்றால் அவசர மருத்துவ வண்டிக்கு 995ஐ அழையுங்கள். நாள்பட்ட நுரையீரல் நோயாளிகளுக்கு வழக்கமான அளவே குறைவாக இருக்கலாம், அவர்கள் தங்கள் எண்ணைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

நம்மவர்கள் கட்டாயம் அறிய வேண்டியது ஒன்று உண்டு. இந்தக் கருவி தோல் வழியாக ஒளியைச் செலுத்தி அளக்கிறது. கறுத்த தோலில் உண்மையைவிட அதிகமாகக் காட்டும் பழக்கம் அதற்கு உண்டு. அமெரிக்க மருத்துவமனைகளில் நடந்த ஆய்வு 2020 டிசம்பரில் இதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. ஆகவே தனியாக நிற்கும் ஒரு 96ஐ நம்பாதீர்கள். காலையில் 98, மதியம் 96, இரவு 94 என்று இறங்குகிறதா என்று பாருங்கள். எழுந்து கழிப்பறைவரை போய்வந்தால் மூச்சு வாங்குகிறது, ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்ல முடியவில்லை என்றால் எண் என்ன காட்டினாலும் கிளம்புங்கள். நகப்பூச்சு இல்லாத, கறுப்பு மருதாணி இல்லாத, குளிர்ந்துபோகாத விரலில் வைத்துப் பார்க்க வேண்டும்.

இன்னொரு அறிகுறி: காய்ச்சல் விட்டு இரண்டு நாள் நன்றாக இருந்து, மறுபடி காய்ச்சலும் இருமலும் ஏறினால், பாக்டீரியா நிமோனியா சேர்ந்திருக்கலாம். "வந்தது திரும்ப வருது, போயிடும்" என்று இருக்காதீர்கள்.

"அம்மா ஊர்லேர்ந்து விசிட் பாஸ்ல வந்திருக்காங்க. 74 வயசு. அவங்களுக்கு ஏதும் ஆயிட்டா?"

மானியம் கிடையாது, வார்டில் சேர்த்தால் கட்டணம் முழுதும் உங்கள் தலையில்தான். ஆகவே டிக்கெட் போடும்போதே மருத்துவக் காப்புறுதியும் எடுங்கள், ஏற்கெனவே உள்ள நோய்க்கு அது பொருந்துமா என்று படித்துப் பாருங்கள். ஃபுளூ ஊசியை ஊரிலேயே போட்டுவிட்டு வரச் சொல்லுங்கள். மாத்திரைகளின் வணிகப் பெயரோடு மருந்தின் பெயரையும் எழுதி வாங்குங்கள். அங்கே 'கிளைகோமெட்' என்றால் எல்லாருக்கும் தெரியும், இங்கே மெட்ஃபார்மின் என்று சொன்னால்தான் புரியும். வந்த பிறகு காய்ச்சல் வந்தால், செலவை நினைத்து அம்மா மறைப்பார், அதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும்.

"அப்பாவுக்கு 82. காய்ச்சலே இல்ல, இருமலும் பெருசா இல்ல. ஆனா நேத்துலேர்ந்து ஏதோ உளறுறாரு, சாப்பிட மாட்டேங்கிறாரு. வயசாயிட்டா அப்படித்தானோ?"

அப்படி இல்லை. மிக முதிய வயதில் கடுமையான தொற்று காய்ச்சலே இல்லாமல் வரலாம். திடீர்க் குழப்பம், கீழே விழுவது, சாப்பாட்டை வெறுப்பது, நாள் முழுக்கத் தூங்குவது, இவைதான் சில சமயம் முதலும் கடைசியுமான அறிகுறி. மறதிநோய் உள்ளவர்களிடம் இதைக் கண்டுபிடிப்பது இன்னும் கடினம், அவரைத் தினமும் பார்ப்பவருக்குத்தான் வித்தியாசம் தெரியும். பல வீடுகளில் அது மகனோ மகளோ அல்ல, பணிப்பெண். அவர் "தாத்தா டுடே நாட் சேம்" என்று சொன்னால் கேளுங்கள்.

நேற்று வரை தெளிவாக இருந்தவர் இன்று உளறினால் அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். எழுப்பினால் சரியாக விழிக்கவில்லை, மூச்சு வேகமாக இருக்கிறது, உதடு நீலம் பாய்ந்திருக்கிறது என்றால் 995. முகம் ஒரு பக்கம் கோணினாலோ ஒரு கை தூக்க வரவில்லை என்றாலோ அது பக்கவாதமாக இருக்கலாம், அதற்கும் 995தான். போகும்போது மாத்திரைப் பையை அப்படியே எடுத்துக்கொண்டு போங்கள். கடைசியாக எந்த நேரத்தில் அவர் வழக்கம்போல் இருந்தார் என்பதைக் கேட்பார்கள், அதைப் பணிப்பெண்ணிடம் விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள்.